கோடையில் கைக்கு ஒரு வேலை: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை பிறந்ததும் யாழ்ப்பாணத்தில் வெயில் ஏறத் தொடங்குகிறது. ஐப்பசி மழை இறங்கும்வரை பகலில் வெளியே போகத் தோன்றுவதில்லை. வீட்டுக்குள் பொழுது நீள்கிறது, மனம் மட்டும் ஓய்வதில்லை. அந்தப் பொழுதை வரைதல், இழைத்தல், எழுதுதல், பாடுதல் என ஏதாவது ஒன்றுக்குக் கொடுத்து மனத்தை ஆற வைப்பது பற்றிப் பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். யாருக்கும் காட்டவேண்டிய தேவையில்லாத ஒரு வேலை ஒவ்வொரு மனிதருக்கும் இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்திலிருந்தே வருகின்றன.

இந்த வெக்கையில் எதையாவது செய்ய யாருக்கு மனம் வரும்?

நடுப்பகலில் யாருக்கும் வராது. வரவும் தேவையில்லை. விடியற்காலையிலிருந்து எட்டு மணி வரையும், பின்னேரம் நாலரைக்குப் பிறகும் கிடைக்கும் நேரமே போதும். உச்சி வேளையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்து பாட்டுக் கேட்பதும் இதில் சேர்த்திதான்.

ஆனால் எங்கே உட்காருவது என்பதைக் கொஞ்சம் யோசித்துத் தெரிவு செய்யுங்கள். யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 9.7 பாகையில் இருக்கிறது. அதனால் சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி ஒருமுறையும், ஓகஸ்ட் கடைசியில் இன்னொருமுறையும் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்த நாட்களில் நண்பகலில் கிணற்றை எட்டிப் பார்த்தால் அடித்தண்ணீரில் வெயில் மின்னும். இவ்விரண்டு நாட்களுக்கும் இடைப்பட்ட நான்கரை மாதமும் நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஆகவே அந்த மாதங்களில் மதிய நிழல் வீட்டின் தெற்குப் பக்கத்தில் விழும். வைகாசிக்குப் பிறகு வீசும் சோளகமும் தென்மேற்கிலிருந்துதான் வருகிறது. தெற்குப் பார்த்த விறாந்தையோ, தெற்குச் சுவரோரம் ஒரு வேப்பமரமோ இருந்தால் நிழலும் காற்றும் ஒன்றாகக் கிடைக்கும். அங்கே ஒரு பாயை விரித்து, அந்த இடத்தை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் இடம் தேடுவதிலேயே பாதி மனம் களைத்துவிடும்.

எனக்குச் சித்திரமும் வராது, சங்கீதமும் வராது. எனக்கு இதனால் என்ன பயன்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் அநேகமாகப் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒருவர் சொன்ன சொல்லை இன்னும் சுமப்பவர்கள். சித்திரப் பாடத்துக்குக் குறைந்த புள்ளி வாங்கிய பிள்ளை ஐம்பது வயதிலும் பென்சிலைத் தொடப் பயப்படுகிறது. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விடயம்.

அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. 39 பெரியவர்களிடம் வண்ணப் பேனை, களிமண், தாள்களைக் கொடுத்து, 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டார்கள். மன அழுத்தத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்ற சுரப்பை முன்னும் பின்னும் உமிழ்நீரில் அளந்தார்கள். ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு கலை பழகியவர்களுக்கும் பழகாதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. ஆய்வு சிறியது, அதை வைத்து உலகத்துக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் பழக்கமில்லாத கைக்கும் பலன் உண்டு என்பதற்கு அது ஒரு நல்ல சான்று.

எதில் தொடங்கலாம்? செலவில்லாமல் ஏதாவது சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால் பனையோலை என்பேன். நமது மண்ணில் அதைவிட எளிதாகக் கிடைப்பது வேறொன்றில்லை. கோடைதான் அதற்கு உரிய காலமும்கூட. மாரியில் ஓலை பூஞ்சணம் பிடித்துவிடும், இப்போது வெயில் தாராளமாக இருக்கிறது.

உச்சியில் இன்னும் விரியாமல் நிற்கும் இளம் ஓலைதான் குருத்தோலை. வெட்டி எடுத்து வெயிலில் காயவிட்டால் பச்சை மறைந்து வெளிர் மஞ்சளாகும். பிறகு நடுவிலுள்ள ஈர்க்கைக் களைந்து, ஓலையை ஒரே அகலக் கீற்றுகளாக வார வேண்டும். இந்த வாருதலை அவசரமாகச் செய்யாதீர்கள். விரல் நுனி ஓலையின் நரம்பைப் பிடித்துக்கொண்டு போனால் அது தானாகவே நேராகப் பிரியும். இழுத்தால் கோணும். வாரிய ஓலையை இழைப்பதற்கு முன் ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். பதமில்லாத ஓலை மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும்.

முதலில் ஒரு சிறிய தடுக்கு, அதாவது உட்காரும் குட்டிப் பாய், இழைத்துப் பாருங்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே, அவ்வளவுதான். கை அதற்குப் பழகியபின் பெட்டிக்குப் போகலாம். தட்டையாக வந்த இழை மேலே எழும்பிச் சுவராக மாறும் அந்த மூலையில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். அங்கே அருகில் ஒரு பழகிய கை இருக்க வேண்டும். வடமராட்சியிலோ தீவுப் பகுதியிலோ உங்களுக்கு உறவினர் இருந்தால், பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியும் கடகப் பெட்டியும் இழைத்த ஓர் ஆச்சி அங்கே நிச்சயம் இருப்பார். அவரிடம் போய்ச் சொல்லித்தரக் கேளுங்கள். கேட்டதற்கே மகிழ்ந்துபோவார். பனை அபிவிருத்திச் சபை 1978இல் தொடங்கப்பட்டது. அதன் பனை ஆராய்ச்சி நிலையம் கைதடியில் இருக்கிறது. நல்ல இழைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க, அந்தச் சபையின் விற்பனை நிலையத்தில் உள்ள பொருட்களைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். விளிம்பு கட்டியிருக்கும் விதத்தை உட்பக்கத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும்.

இழைப்பு ஏன் மனத்தை ஆற்றுகிறது? கண்ணும் கையும் இரண்டுமே அதற்குத் தேவை, ஆகவே மனத்தால் வெகுதூரம் ஓட முடியாது. அதே நேரம் மூளையைப் பிழியும் வேலையும் அல்ல. நாள் முழுவதும் ஒதுக்கி வைத்த ஒரு யோசனை இழைத்துக்கொண்டிருக்கும்போது மெல்ல மேலே வரும். அதைத் துரத்தவேண்டிய அவசியம் அப்போது இருக்காது.

வரைய ஆசை. எதை, எங்கே வரைவது?

தினமும் ஒரே பொருளை வரையுங்கள். வளவில் நிற்கும் ஒரு பனை போதும். அதன் அடிமரத்தில் பழைய மட்டைகள் விழுந்த வடுக்கள் வளையம் வளையமாக இருக்கும். காலை வெயில் பக்கவாட்டில் படும்போது ஒவ்வொரு வடுவும் தனித்தனியே தெரியும், மதியத்தில் எல்லாம் தட்டையாகிவிடும். இதைக் கவனிக்கத் தொடங்கினாலே வரைதல் பாதி வந்துவிட்டது.

மேல்நாட்டு ஓவியப் புத்தகங்கள் வடக்கு யன்னல் வெளிச்சம்தான் நிலையானது என்று சொல்லும். அது அவர்களுடைய ஊருக்குச் சரி. மேலே சொன்னபடி, நமது கோடையில் வடக்கு யன்னலில் நேர் வெயிலே விழும். தெற்கு யன்னலோரம் உட்காருங்கள். நீர்வண்ணம் இந்தச் சூட்டில் தூரிகை தாளைத் தொட்டதும் உலர்ந்துவிடும். தொடக்கத்தில் மென்மையான பென்சிலும் தடித்த தாளும் போதும். சோளகம் அடிக்கும்போது தாளைப் பலகையில் கிளிப் போட்டு இறுக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டை விட்டு வெளியே போக வேண்டுமானால், பின்னேரத்தில் பண்ணைப் பாலத்தடி நல்லது. சூரியன் கடலேரிக்கு மேலே இறங்குவதை அங்கே நின்று பார்க்கலாம். பருத்தித்துறைத் தெருமூடி மடம் வரைவதற்கென்றே கட்டியது போலத் தோன்றும். வீதி அதற்குள்ளால் போகிறது, இரு பக்கமும் கல்தூண்களும் திண்ணையும் நிழலும். கீரிமலையில் கேணிக்கு அருகிலேயே கடல், நன்னீரும் உப்புநீரும் ஒரு சுவர் தள்ளி.

யாழ்ப்பாணத்தில் இதற்கு ஒரு மரபும் உண்டு. எஸ். ஆர். கனகசபை சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே ஓவியர்களை ஒன்றுசேர்த்தவர். அவருக்குப் பின் அ. மாற்கு விடுமுறைக்கால ஓவியர் கழகம் என்ற பெயரிலேயே ஆர்வமுள்ளவர்களைக் கூட்டி வரையவைத்தார். விடுமுறையில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து வரைவது நமக்குப் புதிய பழக்கம் அல்ல. விட்டுப்போன பழக்கம், அவ்வளவுதான்.

வீட்டில் ஒதுங்கி இருக்க இடமே இல்லை.

பொது நூலகத்தின் வாசிப்பு மண்டபத்துக்குப் போங்கள். 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுப்பப்பட்ட கட்டடம் அது. வாசிக்கத்தான் வேண்டும் என்றில்லை, ஒரு கொப்பியை வைத்து எழுதலாம். காலை வேளையில் பூசை முடிந்த கோயில் மண்டபங்களும் ஆளில்லாமல் இருக்கும்.

எழுதுவது உதவுமா? என்ன எழுதுவது?

உதவும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கர் 1980களில் இதைச் சோதித்தார். மனத்தை உலுக்கிய ஒன்றைப் பற்றி நான்கு நாட்கள் தொடர்ந்து, நாளுக்குப் பதினைந்து நிமிடம், இலக்கணம் பார்க்காமல், யாருக்கும் காட்டும் எண்ணமில்லாமல் எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார். எழுதி முடித்த உடனே பலருக்குத் துக்கம் கூடியது. அதன்பின் வந்த மாதங்களில், சாதாரண விடயங்களை எழுதியவர்களைவிட அவர்கள் வைத்தியரிடம் போனது குறைவாக இருந்தது.

எனது யோசனை இன்னும் எளிமையானது. கிணற்றடியில் இன்று கண்டது, சந்தையில் கேட்ட ஒரு பேச்சு, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் அறுத்தபோது வந்த வாசம் என்று அன்றைய நாளில் ஒன்றை மட்டும் எழுதுங்கள். வீட்டில் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். எழுதியதை யாராவது எடுத்து வாசிப்பார்கள் என்ற பயம் இருந்தால் கிழித்து அடுப்பில் போடுங்கள். எழுதிய பலன் அதனால் குறையாது.

அமைதியாக உட்கார்ந்தால் பழைய நினைவுகள் வந்து தொந்தரவு செய்கின்றன. அதனால்தான் எப்போதும் ஏதாவது சத்தம் வைத்துக்கொள்கிறேன்.

நமது ஊரில் இது ஒருவரின் குறை அல்ல. இடம்பெயர்ந்து திரும்பியவர்கள், வீட்டில் ஒருவரையாவது இழந்தவர்கள், இன்னும் ஒருவரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் நிறைந்த ஊர் இது. தொலைக்காட்சியைப் பகல் முழுவதும் ஓடவிட்டிருக்கும் வீடுகளை நான் குறை சொல்லமாட்டேன். அந்தச் சத்தம் அவர்களைக் காத்துவந்திருக்கிறது.

ஆகவே தனிமையிலும் கண்ணை மூடிய தியானத்திலும் தொடங்காதீர்கள். கை நிறைய வேலையுள்ள, பக்கத்தில் ஆள் இருக்கும் ஒன்றில் தொடங்குங்கள். நாலு பேர் வட்டமாக இருந்து மாலை கட்டுவது மிகப் பொருத்தம். கோடையில் மல்லிகை அள்ளிக் கொட்டும். பேசத் தோன்றினால் பேசலாம், இல்லையென்றால் பூவைப் பார்த்தபடி பேசாமல் இருக்கலாம். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. துக்கமுள்ளவர்களுக்கு அது பெரிய ஆறுதல் என்பதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். நேருக்கு நேர் உட்காரவைத்து “சொல்லு” என்று கேட்டால் வராத சொற்கள், பூத் தொடுக்கும்போது வந்துவிடுகின்றன.

மேலே சொன்ன பதினைந்து நிமிட எழுத்தை நீங்கள் முதலில் முயல வேண்டாம். எழுதும்போது நெஞ்சு படபடத்தால், கை நடுங்கினால், உடனே நிறுத்தி எழுந்து முற்றத்தில் நடவுங்கள். பேனையை விட்டுவிடுவதில் தோல்வி எதுவும் இல்லை. நித்திரை இல்லாத இரவுகள் தொடர்ந்தாலோ, உயிர் வேண்டாம் என்ற எண்ணம் வந்தாலோ கைவேலை போதாது. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற எண்ணில் தமிழிலும் பேசலாம். காய்ச்சலுக்கு வைத்தியரிடம் போவதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. இதற்கும் வெட்கப்படவேண்டாம்.

சமையல், பிள்ளைகள், மாமியார் என்று நாளே போதவில்லை. எனக்கு எங்கே நேரம்?

இந்தக் கேள்வி பெண்களிடமிருந்துதான் வருகிறது. ஒருமுறைகூட ஓர் ஆண் கேட்டதில்லை. ஆகவே முதல் பதில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு: பின்னேரத்தில் ஒரு மணி நேரம் குசினியை நீங்கள் பொறுப்பெடுங்கள்.

இரண்டாவது பதில் உங்களுக்கு. கடமையாகச் செய்யும் வேலைகளுக்குள்ளேயே ஒன்றை உங்களுடையதாக எடுத்துக்கொள்ளலாம். வேப்பம்பூ உதிரும் காலத்தில் மரத்தடியில் துணி விரித்துப் பூச்சேர்த்து, உழுந்தும் செத்தல் மிளகாயும் வெங்காயமும் பெருஞ்சீரகமும் சேர்த்து வடகம் போடுவது ஒரு கலை. உழுந்து அரைத்த பதம் தளர்ந்தால் வடகம் பரந்துவிடும், இறுகினால் உள்ளே காயாது. அதை உள்ளங்கையில் பிடித்து உணர்வதற்கு அளவுக் கரண்டி உதவாது. ஆவணியில் பனம்பழம் விழத் தொடங்கினால் பனாட்டு. பழத்தைப் பிசைந்து எடுத்த களியைப் பாயில் மெல்லிய படையாக ஊற்றி, காய்ந்தபின் அடுத்த படை. நாட்கணக்கில் பொறுமை கேட்கும் வேலை. இவற்றை விற்கவேண்டும், பத்து வீட்டுக்குக் கொடுக்கவேண்டும் என்ற கணக்கு வந்ததும் அதுவும் இன்னொரு சுமையாகிவிடும். இந்த ஆண்டு ஒரு சிறிய சுளகளவு மட்டும், உங்கள் விருப்பத்துக்கு.

நல்லூர்த் திருவிழா நாட்களில் ஊரே திரண்டிருக்கும். அப்போது அமைதி எங்கே?

அந்த இருபத்தைந்து நாட்களும்தான் கேட்கப் பழகுவதற்கு ஏற்றவை. கோயிலைச் சுற்றி வாகனங்கள் நின்றுவிடுகின்றன, வீதியில் மணல் பரப்பியிருக்கிறார்கள். இரவு சுவாமி உள்ளே போனபின் அந்த மணலில் உட்கார்ந்து நாதஸ்வரத்தையும் தவிலையும் காதில் வாங்குங்கள். அளவெட்டியும் இணுவிலும் வளர்த்த கலை அது. தவில் மேதை வி. தட்சிணாமூர்த்தி வாழ்ந்த மண் இது. முதலில் தவிலை விட்டுவிட்டு நாதஸ்வரத்தை மட்டும் தொடருங்கள், பிறகு தவிலை மட்டும். ஒரு சத்தத்தை மற்றொன்றிலிருந்து பிரித்துக் கேட்கும்போது சுற்றியிருக்கும் இரைச்சல் மெல்ல ஒதுங்கிவிடும். பாடவும் வேண்டுமென்றால் தேவாரம் இருக்கிறது. குரல் நன்றாக இல்லை என்று கோயிலில் யாரும் உங்களை எழுப்பிவிடப் போவதில்லை.

பிள்ளையை விடுமுறையில் சித்திர வகுப்புக்கு அனுப்பலாமா?

பிள்ளை கேட்டால் அனுப்புங்கள். கேட்காவிட்டால் வேண்டாம். காலையில் கணித ரியூசன், பின்னேரம் விஞ்ஞானம், இடையில் சித்திரம், கடைசியில் ஒரு சான்றிதழ் என்றால் சித்திரமும் ரியூசனாகிவிடும். ஒரு கட்டுத் தாளும் பென்சிலும் கொடுத்துத் தனியே விடுங்கள். “எனக்குப் பொழுது போகவில்லை” என்று அழும் அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகுதான் பிள்ளை எதையாவது கண்டுபிடிக்கத் தொடங்கும். அதற்குள் கைப்பேசியைக் கொடுத்துவிடாதீர்கள்.

பட்டம் விடலாமா?

விடுவதற்கான காலம் மார்கழியும் தையும்தான். வல்வெட்டித்துறைப் போட்டியும் தைப்பொங்கல் நாளில்தான் நடக்கிறது. கோடையில் கட்டலாம். மூங்கிலைச் சீவி, இரு பக்கமும் ஒரே எடை வரும்வரை விரலில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்து, காற்றில் இரையும் விண் பூட்டப் பழகுவதற்கு நாலைந்து மாதம் கைவசம் இருக்கிறது.

செய்ததைப் படமெடுத்துப் போடலாமா?

கோடை முடியும்வரை வேண்டாம் என்பேன். எத்தனை பேர் விரும்பினார்கள் என்று பார்க்கத் தொடங்கினால், அடுத்த தடுக்கை நீங்கள் அவர்களுக்காக இழைப்பீர்கள்.

அப்பப்பாவுக்குக் கை நடுங்குகிறது, கண்ணும் தெரியவில்லை. அவருக்கு என்ன கொடுப்பது?

கேள்விகளைக் கொடுங்கள். அவர் சொல்லட்டும், நீங்கள் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். வாழ்க்கை வரலாறு சொல்லுங்கள் என்று கேட்டால் இரண்டு வசனத்தில் முடித்துவிடுவார். “உங்கள் சின்ன வயதில் இந்த வளவில் என்ன மரங்கள் நின்றன?”, “துலா மிதித்த காலத்தில் யார் பாடுவார்கள்?” என்று பொருளைத் தொட்டுக் கேளுங்கள். கிணற்றில் துலா மிதித்து நீர் இறைத்தவர்களுக்கு அந்தப் பாட்டின் ஓர் அடியாவது ஞாபகம் இருக்கும். ஒரு பின்னேரத்துக்கு ஒரு கேள்வி போதும், அவர் களைப்பதற்கு முன் நிறுத்திவிடுங்கள். வீட்டில் பழைய சிறப்பு மலர்களோ சஞ்சிகைகளோ இருந்தால், நமது எழுத்துகளை 2005 முதல் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அவற்றைப் பற்றித் தெரிவியுங்கள். நமது பழைய இதழ்கள் பல அங்கே வாசிக்கக் கிடைக்கின்றன. அவருக்குப் பழக்கமான ஒன்றைத் தேடி எடுத்து உரக்க வாசித்துக் காட்டலாம்.

கனடாவிலிருந்து இரண்டு கிழமை விடுமுறையில் வருகிறோம். அதற்குள் எதைப் பழகுவது?

ஒன்றை மட்டும். நெடுந்தீவு, நயினாதீவு, கசூரினாக் கடற்கரை, நல்லூர் என்று ஓடி முடித்துக் களைத்துத் திரும்புபவர்கள்தான் அதிகம். ஓடும் நாட்களில் இரண்டைக் குறைத்து, அந்த நாட்களை முழுக்கப் பெரியம்மா வீட்டு விறாந்தையில் கழியுங்கள். போகும் முதல் நாளே ஓலைக்குச் சொல்லிவையுங்கள். வெட்டிக் காயவைக்கச் சில நாட்கள் வேண்டும். பிள்ளைகளுக்குத் தமிழ் ஓடாவிட்டாலும் இழைப்பதற்கு மொழி தேவையில்லை, பெரியம்மாவின் விரலைப் பார்த்தாலே போதும். பாதியில் நின்ற ஓலைப்பெட்டியைப் பயணப் பைக்குள் வைத்துக் கொண்டுபோகலாம். ஆனால் உலர்ந்த தாவரப் பொருட்களுக்கு அங்குள்ள சுங்கத்தில் விதிகள் உண்டு. எனவே இறங்கும்போது அதைத் தெரிவித்துவிடுங்கள். கனடா போய் மீதியை இழைக்கும்போது ஓலை காய்ந்திருக்கும். முதல்நாள் இரவே ஈரத்துணியில் சுற்றி வையுங்கள், காலையில் பதமாகிவிடும்.